பட்டனுக்கு முந்தின நிமிஷம்

வணக்கம் ஐயா,

எனக்குக் கொருக்குப்பேட்டை. ஹார்பரில் லாரி ஓட்டுகிறேன். என் பொண்ணு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பாராமெடிக்கல் கவுன்சிலிங்கில் பி.எஸ்ஸி. ரேடியோகிராஃபி கிடைக்கும்போலத் தெரிகிறது. அவளுக்கு ஆசை. எக்ஸ்ரே ரூமிலேயே கிடந்தால் நாளைக்குக் குழந்தை தங்காது என்று தெருவில் சொன்னதைக் கேட்டு என் மனைவி பயப்படுகிறாள். பட்டன் அமுக்குற வேலைக்கு எதுக்கு நாலு வருஷம், ஆறு மாசத்தில் சர்டிபிகேட் தர ஆள் இருக்கு என்கிறான் மச்சான். இனிமேல் கம்ப்யூட்டரே படத்தைப் படித்துவிடுமாமே? நீங்கள் அந்த வேலையில் இருந்தவர், சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சேருங்கள். மச்சானுடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனைவியின் பயத்துக்குப் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

பட்டன் அமுக்க ஒரு நொடி போதும். படிப்பெல்லாம் அதற்கு முந்தின நிமிஷத்துக்கு. இருமிக்கொண்டே ஒரு அம்மா நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வருகிறார் என்று வையுங்கள். கதிர் கிளம்புகிற ட்யூப் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். நெஞ்சைப் பலகையோடு ஒட்டி, தாடையைத் தூக்கி, புறங்கையை இடுப்பில் வைத்து, தோள் இரண்டையும் முன்னால் தள்ளச் சொல்ல வேண்டும். தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் வந்து உட்கார்ந்துவிடும். தாலியில் கோத்த ஊக்கு, தாயத்து, ஜாக்கெட் கொக்கி எல்லாம் தொல்லைதான். ஆனால் எல்லாவற்றையும்விட மோசம் சடை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை தோளில் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு படலம் விழும். டி.பி. வழக்கமாகப் பிடிக்கிற இடமும் அதே உச்சிதான். ஓட்டேரி நெஞ்சாஸ்பத்திரிக்குத் தலைமுறையாக ஜனம் அலைந்த பக்கம் இது. யாருக்கும் சடையால் டி.பி. சந்தேகத்தைக் கொடுத்துவிடக் கூடாது. தூக்கிக் கொண்டை போடச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் மூச்சு. ‘நல்லா இஸ்து தம் கட்டும்மா, ஆடாத!’ படத்தில் பின்பக்க விலா பத்தாவது எண்ணத் தெரிய வேண்டும். எட்டோடு நின்றால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். நுரையீரலின் அடிப்பகுதி மங்கி நிமோனியா மாதிரி தெரியும். எல்லாம் கூடி வந்தால் ஒரே படத்தில் வேலை முடிந்தது. பிசகினால் ரிப்பீட். ரிப்பீட் என்றால் அந்த அம்மாவுக்கு இன்னொரு தடவை கதிர். ஆறு மாசப் படிப்பில் வந்தவர்கள் எடுத்த ரிப்பீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மச்சான் சொல்கிற இடத்தின் பக்கமே போகாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவிக்கு. எக்ஸ்ரே அந்த அறையில் தங்காது. சுவிட்சை அணைத்ததும் விளக்கு வெளிச்சம் போகிற மாதிரி போய்விடும்; உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. கதிர் வரும் அந்த நொடியில் உங்கள் பெண் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பாள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படுகிற கதிரை அளக்கும் அலகு). எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கையிலிருந்தே நமக்கெல்லாம் உலகச் சராசரியாக வருஷத்துக்கு 2.4 வந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தை தங்காமலே போகும் அளவுக்குச் சூலகம் கெட வேண்டுமானால் அந்த 20-ஐப்போல நூறு மடங்குக்கு மேல் ஒரேயடியாகப் பட வேண்டும். கர்ப்பம் என்று சொல்லிவிட்டால், மிச்ச மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி டூட்டி போட வேண்டும் என்பதும் விதி.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற போர்ட்டபிள் மெஷின், ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டுகிற சி-ஆர்ம், இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கிற கேத் லேப். அங்கே சுவர் கிடையாது, ஈய ஏப்ரனும் தூரமும்தான் காவல். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் படுவது கால் பங்காகும். கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஏப்ரன் போட்டு அப்பாவையோ அம்மாவையோ நிறுத்த வேண்டும்; நாளும் வேலை பார்க்கிற பெண் பிடிக்கக் கூடாது. பட்டதை அளக்கத்தான் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் குத்துகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அது பரிசோதனைக்குப் போய்வரும். நான் முதலில் சேர்ந்த தனியார் சென்டரில் எங்கள் பேட்ஜெல்லாம் ஓனரின் டிராயரில் கிடந்தன. டிராயருக்குக் கதிரே படவில்லை என்று ஒழுங்காக ரிசல்ட் வந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் முதல் நாளே பேட்ஜைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொள்ள மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கூச்சப்படத் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர் கிடையாது, காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். 2018-ல் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன உறவினர் ஒருவர் செத்தே போனார். வாசலில் மறித்து, பாக்கெட்டைக் காட்டு என்று அதட்டுகிற தைரியமும் இந்த வேலைக்கு வேண்டும். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மட்டும் இவள் வேலை இல்லை. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற 1994-ஆம் வருஷச் சட்டப்படி அதைத் தகுதி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டர் படிப்பது உண்மைதான். டி.பி. கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021-ல் சொல்லிவிட்டது. சடை விழுந்த படத்தைக் கொடுத்தால் அதுவும் சடையைத்தான் படிக்கும். சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சில் எக்ஸ்ரேவுக்கென்றே பர்னார்டு நிலையம் 1934-ல் திறந்ததிலிருந்து எத்தனையோ மெஷின் வந்து போயிற்று. பிலிம் கழுவுகிற இருட்டறை போய் டிஜிட்டல் வந்தாயிற்று. (டார்க் ரூம் அசிஸ்டன்ட் என்ற பெயரில் அரசாங்கம் சமீப வருஷங்களிலும் ஆள் எடுத்தது.) ஆளை நிற்க வைக்க இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும். ‘இன்னா பாப்பா, எலும்பு உடஞ்சிருக்கா?’ என்று கேட்பார்கள். உடைந்தது ஸ்கிரீனில் தெரியும். இருந்தாலும் ‘டாக்டர் சொல்வார்’ என்பதற்கு மேல் பேசக் கூடாது. கட்டியைப் பார்த்த நாளில் முகத்தையும் காட்டிக்கொள்ளக் கூடாது.

தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் டூட்டி உண்டு. இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். கவுன்சிலிங்கில் காலேஜைப் பிடிக்குமுன் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, கேஷுவாலிட்டியில் பிள்ளைகளை நிறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மாதிரி கூட்டம் அள்ளுகிற இடத்தில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். பளபளப்பான லேபை மட்டும் சுற்றிக் காட்டுகிற காலேஜ் வேண்டாம்.

அன்புடன்