30 சதவீதம் இருக்கும்போதே அணைந்துபோகும் பழைய போன்: என்ன செய்யலாம்?

கேள்வி: நான்கு வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போனைத்தான் வைத்திருக்கிறேன். காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மதியத்துக்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சில நாள் 30 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. எந்தச் செயலியைத் திறந்தாலும் இழுக்கிறது. அடிக்கடி எல்லாவற்றையும் தள்ளி மூடிவிடுகிறேன், ஒரு கிளீனர் செயலியும் போட்டிருக்கிறேன். ஒன்றும் பயனில்லை. புதுசு வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் போனில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்ப்பதால்தான் எதுவும் கேட்கவில்லை. 30 சதவீதத்தில் அணைவது பேட்டரியின் கோளாறு. எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் அது சரியாகாது. செயலிகள் இழுப்பதற்குப் பெரும்பாலும் ஸ்டோரேஜ் நிரம்பிக் கிடப்பதுதான் காரணம்; அதைச் சரிசெய்யக் காசு செலவே கிடையாது.

பேட்டரியை முதலில் பார்த்துவிடுவோம். திரையில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடு மட்டுமே. பேட்டரியின் வோல்டேஜ் என்ன, உள்ளே போன மின்சாரம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்பதை வைத்து போன் போடும் கணக்கு அது. லித்தியம் அயன் பேட்டரிக்கு வயதாக ஆக அதன் கொள்ளளவு குறையும். இது எல்லோருக்கும் தெரியும். கூடவே அதன் உள்தடையும், அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடையும், கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் போனைத் திடீரென்று அணைப்பது இந்த இரண்டாவது மாற்றம்தான்.

வாட்ஸ்அப்பில் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது போனுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். அப்படியே கேமராவைத் திறந்து ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். திரை, பிராசஸர், கேமரா சென்சார், ஃபிளாஷ் எல்லாம் ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும். உள்தடை கூடிய பேட்டரியில் அப்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் 28 சதவீதம் என்று காட்டும். சார்ஜ் உள்ளேதான் இருந்தது. கேட்ட வேகத்தில் அதைக் கொடுக்க பேட்டரிக்குத் தெம்பில்லை. குளிரில் உள்தடை இன்னும் கூடும் என்பதால், குளிர் நாட்களில் இது அதிகமாக நடக்கும்.

பேட்டரி தளர்ந்தால் வேகமும் குறையலாம். இதை உலகமே தெரிந்துகொண்டது 2017-இல். பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தவிர்க்க, அந்த ஆண்டு ஆப்பிள் தன் ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தியது. அதைப் பயனாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது பெரிய சர்ச்சையாகி, 2018-இல் ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் பகுதி வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பகுதிக்குப் போனால் மிச்சமுள்ள கொள்ளளவைச் சதவீதத்தில் பார்க்கலாம். 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் இந்த வசதி எல்லா போனிலும் இல்லை. சாம்சங்கில் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனைப் பகுதி பேட்டரியின் நிலையைச் சொல்லும். உங்கள் விஷயத்தில் பரிசோதனையே தேவையில்லை என்பேன். 30 சதவீதத்தில் அணைவதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

நான்கு வருடத்தில் இப்படி ஆனதற்கு நீங்கள் ஏதோ தப்பாகப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. பேட்டரியின் ஆயுளை சைக்கிள் கணக்கில் சொல்வார்கள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 சைக்கிள் முடிந்தபின் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15-இலிருந்து அது 1000 சைக்கிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் என்பது சட்டமாகவே இருக்கிறது. தினமும் முழு சார்ஜைச் செலவழிப்பவருக்கு நான்கு வருடத்தில் 1400-க்கும் மேல் சைக்கிள் ஓடியிருக்கும். உங்கள் பேட்டரி தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது.

ஆகவே பேட்டரியை மாற்றுங்கள். முடிந்தவரை தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் அசல் பேட்டரியாகவே போடுங்கள். வெளியே மாற்றுவதானால் போலியான பேட்டரியில் கொள்ளளவு என்று அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே அளவு பேட்டரியில் அசலைவிட மிக அதிகமான எண் போட்டிருந்தால் அதை நம்பாமல் இருப்பதே நல்லது. பின்மூடியைத் திறந்து ஒட்டிய போனில் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதற்குரிய சீலை மாற்றிப் போடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்மூடி கொஞ்சம் மேலெழும்பியிருந்தாலோ, திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, மேசையில் வைத்தால் போன் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். அதன்பிறகு சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, நீங்களே கழற்றவும் கூடாது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். உடனே அணைத்து, டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி இழுக்கும் பிரச்சினை. போனின் ஸ்டோரேஜ் ஃபிளாஷ் மெமரி வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள சிறு பகுதிகளாக நடக்கும். அழிப்பதோ பல மெகாபைட் அளவுள்ள முழுப் பிளாக்காக மட்டுமே முடியும். ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுதவும் முடியாது. நிறையக் காலி பிளாக்குகள் இருந்தால் போன் புதுத் தகவலை அங்கே எழுதிவிட்டு, பழைய பிளாக்குகளைச் சாவகாசமாகப் பின்னர் சுத்தம் செய்துகொள்ளும். காலியிடமே இல்லையென்றால், ஒவ்வொரு முறை எழுதும்போதும் பயன்படும் தகவலை வேறிடத்துக்கு நகர்த்தி, பிளாக்கை அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். செயலிகள் திறக்கும்போது படிப்பதோடு நிற்பதில்லை, பின்னணியில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கின்றன. அதனால் 97 சதவீதம் நிரம்பிய போனில் எல்லாமே வரிசையில் காத்துக்கிடக்கும். பழைய, விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜில் இந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

மொத்த ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பெரும்பாலானவர்களின் போனில் இடத்தைத் தின்பது வாட்ஸ்அப்தான். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். எப்போதோ வந்த காலை வணக்க வீடியோக்கள் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். தேவையானதை விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். அப்படியே தானாக டவுன்லோடு ஆகும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் அதே நிலைமைக்கு வந்து நிற்பீர்கள்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கேலரியில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. குப்பைத் தொட்டிப் பகுதியில் 30 நாளோ, கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனதென்றால் 60 நாளோ கிடக்கும். அங்கேயும் போய்க் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். எல்லாம் முடிந்ததும் போனை ரீஸ்டார்ட் செய்து, ஓர் இரவு சார்ஜில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். காலியான பிளாக்குகளைச் சுத்தம் செய்யும் வேலையை ஆண்ட்ராய்டு சும்மா இருக்கும் நேரம் பார்த்துத்தான் செய்யும்.

கிளீனர் செயலியை இன்றே நீக்கிவிடுங்கள். இந்த வகைச் செயலிகள் பின்னணியில் ஓடி, விளம்பரம் காட்டி, தேவையில்லாத அனுமதிகள் வாங்கி, உங்கள் பேட்டரியைத்தான் சாப்பிடும். அவை செய்வதாகச் சொல்லும் வேலையை ஆண்ட்ராய்டு தானே செய்கிறது. செயலிகளைத் தள்ளி மூடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ராமில் காத்திருக்கும் செயலி பெரும்பாலும் மின்சாரம் செலவழிப்பதில்லை. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் அதை அப்படியே உறையவைத்துவிடும். நீங்கள் மூடிவிட்டால் அடுத்த முறை அதை ஸ்டோரேஜிலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நேரமும் கூடும், சார்ஜும் கூடச் செலவாகும். ஒரு செயலி ஹேங் ஆகி நின்றால் மட்டும் மூடுங்கள்.

அதே சமயம், பின்னணியில் நிஜமாகவே சார்ஜைக் குடிக்கும் செயலி ஒன்றிரண்டு இருக்கக்கூடும். செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் திறக்கவே இல்லாத செயலி பட்டியலில் மேலே நின்றால் அதுதான் ஆசாமி. பின்னணியில் ஓடும் அனுமதியை நிறுத்துங்கள். லொக்கேஷன் அனுமதி ‘எப்போதும்’ என்றிருந்தால் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். அதிகம் பயன்படுத்தாத செயலிகளின் சார்ஜ் செலவைக் கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கும் அடாப்டிவ் பேட்டரி வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் குற்றவாளி அகப்படவில்லையென்றால் போனை சேஃப் மோடில் ஆன் செய்து சில மணி நேரம் விட்டுப்பாருங்கள். அந்த நிலையில் நீங்கள் இன்ஸ்டால் செய்த செயலிகள் ஓடாது. போன் சுறுசுறுப்பாகிவிட்டால் கோளாறு அவற்றில் ஒன்றில்தான்.

சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் மொபைல் டேட்டாவுக்குப் பதிலாக வைஃபையில் இருங்கள். தூரத்து டவரைப் பிடிக்க போன் தன் ரேடியோவின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும்; மதியத்துக்குள் பாதி காலியாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திரையில் முதலில் குறைக்க வேண்டியது வெளிச்சம். டார்க் மோடு பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. அது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டுமே பலன் தரும், அதுவும் வெளிச்சத்தைப் பொறுத்து. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முழு வெளிச்சத்தில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமானது. பெரும்பாலோர் வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கணிசமான மிச்சம் எதுவுமில்லை. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் எண் 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் என்றால் 60-க்கு மாற்றுங்கள். இன்னொன்று, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் அனிமேஷன் அளவுகள் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். போனின் உண்மை வேகம் கூடாது, காத்திருக்கும் நேரம் குறையும். மற்ற எதையும் அங்கே தொட வேண்டாம்.

புது பேட்டரி போட்டபின் அதைக் காப்பாற்ற ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும்: சூடும் முழு சார்ஜும் சேரக் கூடாது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்த லித்தியம் பேட்டரியில் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது, சார்ஜில் போட்டபடியே கேம் ஆடுவது, வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விட்டுப்போவது மூன்றையும் நிறுத்துங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் ஃபேக்டரி ரீசெட். படங்கள், தொடர்புகள், வாட்ஸ்அப் பேக்கப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செயலி இருந்தால் அதை வேறு சாதனத்துக்கு மாற்றிவிடுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். சில வழிகளில் ரீசெட் செய்தால் போன் அதைக் கேட்கும். தெரியாவிட்டால் உள்ளே போக முடியாது.

புதுசு வாங்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதைத் தீர்மானிக்க வேண்டியது வேகமோ பேட்டரியோ இல்லை, பாதுகாப்பு அப்டேட். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் கடைசி பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது சில மாதங்களுக்குள் என்றால் தயங்காமல் பேட்டரியை மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்து, இனி அப்டேட் கிடையாது என்று தயாரிப்பாளரும் சொல்லிவிட்டால், வங்கி வேலைகளை அந்தப் போனில் வைத்துக்கொள்வது ஆபத்து. அப்போது பேட்டரிக்குச் செலவழிக்கும் காசைப் புதுப் போனுக்கு எடுத்து வையுங்கள். எனவே சர்வீஸ் சென்டருக்குக் கிளம்புவதற்கு முன்பே இந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.