மகள் எழுதும் புரோகிராமிங் கட்டுரைகள் வேலைக்கு உதவுமா?

கேள்வி: என் மகள் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். டெவலப்பர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் புரோகிராமிங் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் போடுகிறாள். இருபதுக்கு மேல் வந்துவிட்டதாம். இப்போது புதிதாக எழுதுவதும் இல்லை, பழையதையே திருத்திக்கொண்டு இரவு வெகுநேரம் முழித்திருக்கிறாள். ஒரு சதமும் வருவதில்லை. அந்த நேரத்துக்குப் படித்தால் பட்டத்தில் நல்ல வகுப்பு எடுக்கலாமே என்பது என் கவலை. பெயரும் படமும் இணையத்தில் கிடப்பதும் பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா? நானும் ஓர் ஆசிரியைதான். (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், டீச்சர். நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம், அது வேறு. நீங்கள் குறையாகச் சொன்ன விசயம்தான் எனக்குப் பிடித்தது: பிள்ளை பழைய கட்டுரைகளைத் திருத்துகிறாள். புதிது புதிதாக எழுதிப் போடும் மாணவர்கள் நிறையப் பேர். போட்டதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. மென்பொருள் நிறுவனத்தில் சேரும் புதியவருக்குப் பெரும்பாலும் முதல் நாளே புதிதாக ஒன்றைக் கட்டக் கொடுக்கமாட்டார்கள். யாரோ எழுதிவைத்த ‘கோட்’டை (கணினிக்கான கட்டளை வரிகளை)ப் படிப்பது, உடைந்ததைச் சரிசெய்வது, எதை ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதிவைப்பது, இதுதான் ஆரம்ப மாதங்களின் வேலை. உங்கள் மகள் சம்பளம் இல்லாமல் இப்போதே அதைச் செய்கிறாள்.

ஏன் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய கொப்பியையே பார்த்துக் குறிப்புக் கொடுக்கும் ஆசிரியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். இந்தத் துறையில் பாடத்திட்டம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. வலைப்பக்கங்கள் செய்யப் பயன்படும் ரியாக்ட் என்ற நூலகத்தை (முன்கூட்டியே எழுதிவைத்த கோடின் தொகுப்பை) எடுங்கள். 2022 மார்ச்சில் அதன் 18ஆம் பதிப்பு வந்தபோது, செயலியைத் திரையில் ஏற்றும் முதல் வரியே மாறியது. பழைய வரி எச்சரிக்கையோடு கொஞ்சக் காலம் ஓடியது. 2024 டிசம்பரில் வந்த 19ஆம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். புதியவர்கள் தொடங்கப் பயன்படுத்திய ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியும் இனி வேண்டாம் என்று 2025 பெப்ரவரியில் அறிவித்தாயிற்று. 2021இல் ஒருவர் நல்ல மனத்தோடு எழுதிய கட்டுரையைப் பார்த்து, மூதூரிலோ கிண்ணியாவிலோ உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை இன்று அப்படியே தட்டினால், சிவப்பு எழுத்தில் பிழை வந்து நிற்கும். தனக்குத்தான் விளங்கவில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கும். கட்டுரை செத்துப்போனது என்று அதற்குத் தெரியாது.

சரி, இருபது கட்டுரையையும் திருத்த வேண்டுமா? வேண்டாம். ‘ஜாவாஸ்கிரிப்டில் பத்து உத்திகள்’ (ஜாவாஸ்கிரிப்ட் வலைப்பக்கங்களில் ஓடும் புரோகிராமிங் மொழி) மாதிரித் தலைப்புகள் அதில் இருந்தால், மேலே ‘இது பழையது’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு அப்படியே விடச் சொல்லுங்கள். அதை ஊர் உலகமே எழுதிவிட்டது. நம்மவர்கள் கண்ணில் மட்டும் படுகிற சிக்கல்கள் இருக்கின்றன. அங்கேதான் பிள்ளை நேரத்தைப் போட வேண்டும்.

‘திருகோணமலை’ என்ற பெயரையே பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 10 என்கிறது, பைதன் என்ற இன்னொரு மொழியும் அதையேதான் சொல்லும். தி, ரு, கோ, லை ஆகிய நான்குக்கும் எழுத்துக்கு ஒன்று, அதில் ஏறும் உயிர்க்குறிக்கு ஒன்று என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் இரண்டிரண்டு குறியீடுகள். போதாததற்கு, ‘கோ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒரு விதமாகச் சேமித்த கோணேஸ்வரியை மற்ற விதமாகத் தேடினால், பட்டியலில் பெயர் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். தமிழ்ப் பெயர்களை வைத்திருக்கும் எந்த மென்பொருளிலும் இது நடக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீரும். எழுத்துகளை ஆறு என்று சரியாக எண்ணுவதற்கும் ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில் செக்மென்டர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. குரோமில் அது 2020இலிருந்து உண்டு. பயர்பொக்ஸுக்கு 2024 ஏப்ரலில், 125ஆம் பதிப்பில்தான் வந்தது. ‘பயர்பொக்ஸில் ஓடாது, மாற்றுவழி இதுதான்’ என்று 2022இல் எழுதிய கட்டுரை அன்றைக்குச் சரி, இன்றைக்குப் பிழை. இந்த மாதிரி ஒரு விசயத்தை எழுதி, பிறகு வந்து அந்தப் பந்தியை மாற்றி, மாற்றிய தேதியையும் காரணத்தையும் போட்டிருந்தால், நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பற்றிக் கேட்கப் பத்துக் கேள்வி இருக்கும். பத்துக்கும் மகளிடம் பதில் இருக்கும்.

திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. இதை மகளிடம் வாசிக்கக் கொடுங்கள். கட்டுரையில் உள்ள கோடைப் புதிய வெற்று ஃபோல்டரில் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தன் கணினியில் ஏற்கெனவே இருக்கிறவற்றின் தயவில் ஓடுகிற கோட் மற்றவருக்கு ஓடாது. எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதித்தது என்பது கட்டுரையின் தலைமாட்டிலேயே இருக்கட்டும். எழுத்துப்பிழையைச் சத்தமில்லாமல் திருத்தலாம், ஆனால் கோட் மாறினால் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். பழைய வழியை முழுதாக அழிக்கவும் வேண்டாம். பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் ஏராளம், அவர்களுக்காகக் கீழே ஒரு பகுதி இருக்கட்டும். கட்டுரையின் இணைப்பு முகவரி மாறவே கூடாது, யாரோ அதைத் தம் குறிப்பில் சேர்த்து வைத்திருப்பார்கள். வாசகர் ஒருவர் பிழையைக் காட்டியிருந்தால், அவர் அங்கே பாவிக்கும் பெயரைச் சொல்லி நன்றி எழுதலாம். கோடைப் படமாகப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள். படத்திலிருந்து பிரதி எடுக்க முடியாது, தேடினாலும் அகப்படாது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம். புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து ஒரு துண்டை எடுத்திருந்தால் எழுதியவர் பெயரும் இணைப்பும் கட்டாயம். அங்கே உள்ளவை அந்த நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இருக்கின்றன.

சாட்ஜிபிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மொழிநடையைச் சரிபார்க்க அதைப் பாவிப்பதில் தவறு காணமாட்டேன். கட்டுரையையே எழுதவைத்துப் போட்டால் அது மகளின் கணக்கில் சேராது. சரிபோல ஒலித்துப் பிழையாக இருக்கும் பதில்கள் குவிந்ததால்தான் 2022 டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவற்றுக்குத் தடை போட்டது. எழுதியவருக்கே விளங்காத கட்டுரை நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியில் பிடிபட்டுவிடும்.

இனி வகுப்பு விசயம். உங்கள் கவலை நியாயமானது. அரச சேவைக்குப் போவதாக இருந்தால் பட்டமும் போட்டிப் பரீட்சையும்தான் பேசும், இந்தக் கட்டுரைகளை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். விரிவுரையாளர் ஆகும் எண்ணம் இருந்தால் வகுப்பை விட்டுவிட்டு எழுதுவது முட்டாள்தனம். தனியார் மென்பொருள் நிறுவனம் என்றால் கதை வேறு. கொழும்பில் படிக்கிற பிள்ளைக்கு நிறுவனங்கள் பக்கத்துத் தெருவில். சந்திப்புகளுக்குப் போய் நாலு பேரைப் பழகிக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அதற்கு இரவு ரயில் ஏற வேண்டும். சீ.வி.யில் உள்ள ஓர் இணைப்பைத் தட்டினால் பிள்ளை எப்படி யோசிக்கிறாள் என்று தெரிகிறது என்றால், அந்தத் தூரத்தில் ஒரு பகுதி குறைகிறது. முழுதாகக் குறையும் என்று சொல்லமாட்டேன். எழுத்து ஆளை நேர்முகத் தேர்வு வரை கூட்டிப்போகும். அங்கே கோட் எழுதிக் காட்ட வேண்டும்.

கூகுள் சம்மர் ஒஃப் கோட் என்று 2005இலிருந்து நடக்கும் ஒரு திட்டத்தையும் பாருங்கள். திறந்த மூல மென்பொருள்களில் (கோடை யாரும் பார்த்து மாற்றக்கூடியவற்றில்) வேலை செய்ய உதவித்தொகை கொடுக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் பல வருடங்களாகப் பெயர் எடுத்தவர்கள். 18 வயது ஆனவர் திருகோணமலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். தெரிவு பெரும்பாலும் எழுதிக் கொடுக்கும் முன்மொழிவை வைத்துத்தான், தெளிவாக எழுதிப் பழகியவருக்கு அது ஒரு கை முன்னால்.

பெயரும் படமும். பெயர் இருக்கட்டும், அது இல்லாமல் இந்த உழைப்புக்கு உரிமை கோர முடியாது. முகப்படம் கட்டாயமில்லை, ஒரு சித்திரத்தைப் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் வேண்டாம், இதற்கென்று தனி மின்னஞ்சல் போதும். கட்டுரையைப் பார்த்ததாகச் சொல்லி, வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பு என்று வருகிற செய்தி எதுவானாலும் மோசடி. நீங்கள் பயப்படுகிறதை விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு: எடுத்துக்காட்டுக் கோடில் தெரியாமல் கடவுச்சொல்லோ ஏ.பி.ஐ. சாவியோ (வேறோர் இணையச் சேவையைப் பாவிக்கத் தரும் இரகசியக் குறியீடு) வெளியே போவது. கட்டுரையிலிருந்து அழித்தால் மட்டும் போதாது, போன சாவியை உடனே ரத்துச் செய்ய வேண்டும். நாளைக்கு உள்ளகப் பயிற்சிக்குப் போனால் அந்த நிறுவனத்தின் கோடிலிருந்து ஒரு வரியும் அனுமதி இல்லாமல் கட்டுரைக்குள் வரக் கூடாது.

நேரத்துக்கு நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள். செமஸ்டர் நடக்கும்போது வாரத்தில் ஒரு மாலை, பரீட்சை மாதத்தில் ஒன்றும் இல்லை, விடுமுறையில் அவள் விருப்பம். சொந்தமாக டொமைன் (இணையதள முகவரி) வாங்கித் தரட்டுமா என்று யோசிப்பீர்களானால், இப்போதைக்கு அந்தக் காசு வேண்டாம். அந்தத் தளத்தில் உள்ள இலவசக் கணக்கே போதும். பிறகு சொந்தத் தளம் வைத்தால், மூலக் கட்டுரை எது என்று குறிக்கும் வசதி இத்தகைய தளங்கள் பலவற்றில் இருக்கிறது. சீ.வி.யில் இருபது இணைப்பும் வேண்டாம். திருத்திய தேதி இருக்கிற இரண்டைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு போட்டு, விண்ணப்பம் அனுப்பும் முன் அந்த இரண்டின் கோடும் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.