வண்டியை நிறுத்தியது நிஜப் போலீஸ்தானா?

போக்குவரத்துக் காவலில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போலி போலீஸ் பற்றி வந்த கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் பதில் எழுதுகிறேன். காக்கியைப் போட்டு ஒருவன் திருடினால் பறிகொடுத்தவருக்கு நஷ்டம். மறுநாள் அதே இடத்தில் வெயிலில் நிற்கிற காவலரையும் சனங்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அதனால் இந்த ஆட்கள் மேல் எனக்குத் தனிக் கோபம்.

சார், நைட் ஷிப்ட் முடிந்து 11 மணிக்கு மேல் பைபாஸில் ஸ்கூட்டியில் தனியாக வருகிறேன். இருட்டில் யாராவது கை காட்டினால் நிற்பதா, போய்விடுவதா? (நர்ஸ், சேலம்)

முதலில் வேகத்தைக் குறையுங்கள்மா. குறைத்தபடியே யார் நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். ராத்திரி செக்கிங் என்றால் பேரிகார்டு இருக்கும், ஒளிரும் மேல்சட்டை இருக்கும், சிவப்பு நீல விளக்கோடு ரோந்து வண்டி நிற்கும், இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அரசு வண்டியின் நம்பரில் 'ஜி' என்ற எழுத்து வரும். இதெல்லாம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், தாண்டிப் போகாதீர்கள். செக்போஸ்டில் நிற்காமல் போவது குற்றம். பின்னால் துரத்தி வருவார்கள், விபத்தில் முடியும்.

புளியமரத்து இருட்டில் ஒற்றை ஆள், பக்கத்தில் ஒரு பைக், அதில் 'போலீஸ்' ஸ்டிக்கர் என்றால் கதை வேறு. ஸ்டிக்கர் எதற்கும் சாட்சி இல்லை. சொந்த வண்டிகளில் இஷ்டத்துக்கு போலீஸ், பிரஸ் என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் மேல் 2024 மே மாதம் சென்னை போக்குவரத்துப் போலீஸே நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஆள் நின்றால் இண்டிகேட்டர் போட்டு, மெதுவாகவே போய், அடுத்த பெட்ரோல் பங்க் அல்லது டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். வேகம் கூட்டாதீர்கள், மெதுவாகப் போனால்தான் ஓடவில்லை என்பது தெரியும். நிறுத்தியதும் அவசர உதவி எண் 112ஐ அழைத்து, "இந்த இடத்தில் என்னை நிறுத்துகிறார்கள், இங்கே செக்கிங் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் பின்னாலேயே வந்து கேட்டால், "சார், அங்க இருட்டா இருந்துச்சு, அதான் இங்க நிறுத்தினேன்" என்று சொன்னால் போதும். நிஜக் காவலருக்கு அது புரியும். போலி ஆள் வெளிச்சத்துக்கு வரவே மாட்டான்.

இன்னொன்று. "ஸ்டேஷனுக்கு வா, வண்டியில ஏறு" என்றால் ஏறாதீர்கள். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்வதற்கு விதிவிலக்கான காரணம் வேண்டும், பெண் காவலர் வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். உங்களைச் சோதனை போடுவதும் பெண் காவலர்தான். லைசென்ஸ் பார்க்க நிறுத்துவதைச் சீருடையில் உள்ள ஆண் காவலரும் செய்யலாம், வித்தியாசம் அங்கேதான்.

சீருடையில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

நெஞ்சில் பெயர்ப்பட்டை, தோளில் பதவி. தலைமைக் காவலருக்குக் கையில் மூன்று பட்டை, எஸ்.ஐ.க்குத் தோளில் இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் இருவருக்கும் நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பு நீலப் பட்டி. போக்குவரத்துக் காவலருக்கு வெள்ளைச் சட்டை. இன்ஸ்பெக்டர் நட்சத்திரம் குத்திக்கொண்டு, கீழே ரப்பர் செருப்பில் நிற்பவனை நம்ப வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், காக்கித் துணி கடையில் கிடைக்கிறது, நட்சத்திரமும் கிடைக்கிறது. அதனால் உடையை விடப் பேச்சைக் கவனியுங்கள். "எந்த ஸ்டேஷன் சார்? இன்ஸ்பெக்டர் யாரு?" என்று பணிவாகக் கேளுங்கள். நிஜ ஆள் யோசிக்காமல் சொல்வார். போலி ஆள் "ஸ்பெஷல் டீம்", "கமிஷனர் ஆபீஸ்" என்று பெரிய பெயராகச் சொல்லி, உடனே குரலை உயர்த்துவான். அவசரப்படுத்துவதுதான் அவன் தொழில்.

மஃப்டியில் வந்து லைசென்ஸ் கேட்டால்?

மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு "சீருடையில் உள்ள காவலர்" கேட்டால் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. போக்குவரத்து செக்கிங் மஃப்டியில் கிடையாது. குற்றப்பிரிவு ஆட்கள் வேறு வழக்குக்காக மஃப்டியில் வரலாம். அப்போது அடையாள அட்டையைக் கேட்டு, கையில் வாங்கிப் படியுங்கள். கண்ணுக்கு முன்னால் ஆட்டிவிட்டுப் பைக்குள் வைப்பது காட்டியதாகாது. கைது என்றால், கைது செய்கிற காவலரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அது சட்டத்திலேயே இருக்கிறது.

நீங்கள் காட்டுவதற்கு டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருக்கிற லைசென்ஸ், ஆர்.சி. போதும், செல்லும். போனை உங்கள் கையிலேயே பிடித்துக் காட்டுங்கள்.

ஊர்க்காவல் படைக்காரர் அபராதம் போடலாமா?

முடியாது. காவலருக்கு உதவியாக நிற்கலாம், அவ்வளவுதான். 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' (போலீஸுக்கு உதவிய தன்னார்வலர் அமைப்பு) என்று சொல்லி யாராவது வந்தால் அதுவும் இல்லை. சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020லேயே அரசு அதைத் தடை செய்துவிட்டது.

ஹெல்மெட் இல்லை என்று 500 ரூபாய் ஜிபே பண்ணச் சொன்னார். பண்ணிவிட்டேன். ரசீது வரவில்லை. (கல்லூரி மாணவர்)

தம்பி, ஹெல்மெட்டுக்கு இங்கே அபராதம் 2022 அக்டோபரிலிருந்து 1000 ரூபாய். பாதி ரேட்டில் எந்த அபராதமும் கிடையாது. அது அரசுக்குப் போகிற பணம். கருவியில் சலான் (அபராதச் சீட்டு) போடுவார்கள், உங்கள் வண்டி நம்பரில் பதிவாகும். தனி ஆள் பெயருக்குப் போகிறது என்றால் வாங்கியவன் போலியோ, லஞ்சம் வாங்கும் நிஜ ஆளோ, இரண்டுமே குற்றம். பணம் போன பெயரும் எண்ணும் உங்கள் போனில் இருக்கிறது, அதை அழிக்காமல் புகார் கொடுங்கள்.

சலான் பாக்கி என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் ஆப் ஏற்றுகிற கோப்பு) வந்தால் தொடவே கூடாது. அரசின் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

என் அம்மாவிடம், "முன்னாடி கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டி பத்திரமா வைங்க" என்று போலீஸ் போல ஒருவன் சொல்லியிருக்கிறான்...

பழைய வித்தை, இன்னமும் நடக்கிறது. எப்படி நடக்கும் தெரியுமா? ஒருவன் காக்கி பேன்ட், ஒட்ட வெட்டிய முடியோடு வந்து அதட்டுவான். அந்த நேரம் பார்த்து இன்னொருவன் வழிப்போக்கன் மாதிரி வருவான், அவனும் கூட்டாளிதான். "யோவ், செயினைக் கழட்டு" என்று அவனை மிரட்ட, அவன் மறுபேச்சில்லாமல் கழட்டிக் காகிதத்தில் மடிப்பான். அதைப் பார்த்து அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிடும். அம்மாவின் சங்கிலியை, "குடுங்கம்மா, நானே மடிச்சுத் தர்றேன்" என்று வாங்கி, மடித்து, பைக்குள் அவனே வைப்பான். வீட்டில் வந்து பிரித்தால் கல்லும் கவரிங்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை ஒரு முறை நடித்தே காட்டுங்கள். எந்தக் காவலரும் தெருவில் நகையைக் கழட்டச் சொல்ல மாட்டார், கையில் வாங்க மாட்டார். யாராவது சொன்னால் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிட வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும்.

கடற்கரையில் நண்பரோடு இருந்தபோது, "வீட்டுக்குச் சொல்லிடுவேன்" என்று மிரட்டி மோதிரத்தை வாங்கிக்கொண்டான். வெளியில் சொல்லப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் பயத்தை நம்பித்தான் அவன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான். வயது வந்த இருவர் பொது இடத்தில் உட்கார்ந்து பேசுவது குற்றம் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் அங்கேயே வந்து நிற்பான்.

அரசு ஊழியர் போல நடிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 204ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. மிரட்டிப் பறித்ததற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. "இது எங்க எல்லை இல்ல" என்று எந்த ஸ்டேஷனிலும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

தாமதம் மட்டும் வேண்டாம். அவன் வந்த வண்டி, பேச்சு வழக்கு, நின்ற நேரம் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அந்த நேரத்துப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் கொஞ்ச நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.