நஞ்சையில் எரிவாயுப் புல் போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் எனக்கு 3 ஏக்கர் நஞ்சை. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருவதற்குள் பருவமே தள்ளிப்போகிறது. எரிவாயு ஆலைக்குச் சூப்பர் நேப்பியர் புல் போட்டால் 5 ஆண்டு ஒப்பந்தம், அறுப்பும் அவர்கள் பொறுப்பு என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: மொத்த நிலத்தையும் கொடுத்துவிடாதீர்கள். மேடான கொல்லையோ திடலோ இருந்தால் அதில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

நேப்பியரை நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை. ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் களிமண் வயல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புல்லைக் காப்பாற்ற வரப்பை உயர்த்துவீர்கள், சுற்றி வடிகால் வெட்டுவீர்கள். டெல்டாவில் பல இடங்களில் ஒரு வயல் நிரம்பித்தான் மடை வழியாக அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்குகிறது. நடுவில் உங்கள் வயல் அடைபட்டால் கீழே இருப்பவர் நாற்றுக்கு எங்கே போவார்? இரண்டு வருடம் பார்ப்பார், அப்புறம் அவரும் நெல்லை விடுவார். ஒருவர் எடுக்கும் முடிவு அந்த வயல் தொகுதி முழுவதையும் மாற்றிவிடும்.

தண்ணீர் நிற்கும் நெல்வயல் பாதி வயல், பாதி குளம். நத்தை, நண்டு, தவளை, கெளுத்திக் குஞ்சு எல்லாம் அதில்தான். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை இரை தேட உங்களைப் போன்றவர்களின் வயலுக்குத்தான் வருகிறது. அந்தச் சரணாலயத்துக்கும் வடுவூர்ப் பறவைகள் சரணாலயத்துக்கும் 2022-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது முக்கியமான ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. ஏரியைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள வயலைக் காயவிட்டால் அந்தப் பறவைகள் குஞ்சுக்கு எதைக் கொடுக்கும்? எனக்குப் பெரிய கவலை இதுதான். புல்லுக்குள் சில்லைக் குருவியும் கீரியும் ஒதுங்கும், உண்மைதான். ஆனால் 45 நாளில் அறுத்துவிடும் புல்லில் எந்தக் கூடு தங்கும்?

தை மாதம் நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் போய்விடும். தனிப் பாசனம் கேட்காமல் விளைந்து, மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும் பயிர் அது. நேப்பியரோ ஒவ்வொரு அறுப்பிலும் தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அள்ளிக்கொண்டு போகும்.

2003-இல் மத்திய திட்டக் குழு பயோடீசலுக்குக் காட்டாமணக்கைப் பரிந்துரைத்தது நினைவிருக்கும். தரிசிலேயே காய்த்துக் கொட்டும் என்று நம்பி நட்டார்கள். நல்ல மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது காய்க்கவில்லை. எரிபொருள் பயிர் கடைசியில் சோறு விளையும் நிலத்தைத்தான் தேடி வருகிறது.

ஏஜென்டிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: வைக்கோல் எடுப்பீர்களா? வைக்கோலிலிருந்தும் எரிவாயு எடுக்கலாம். சம்பா அறுத்து, மாட்டுக்குப் போக மிஞ்சுவதைக் கட்டாகக் கொடுத்தால் நிலம் நஞ்சையாகவே இருக்கும், கையில் காசும் வரும்.

கொல்லையில் புல் போடுவதானால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். டன்னுக்கு விலை பேசும்போது வண்டிக்கூலி யார் தலையில்? ஆலையில் மிஞ்சும் கழிவுக் குழம்பு எருவாக உங்கள் நிலத்துக்குத் திரும்புமா? 5 ஆண்டு முடிந்ததும் வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்கும் செலவு யாருடையது?