வில்லன் செத்த பிறகு வரும் அறுபது பக்கங்கள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஒரு முறை சொன்ன அந்த ஓநாய்மனிதக் காதல் தொடரின் ஐந்தாவது பாகத்தைப் போன வாரம் முடித்தேன். முதல் பாகத்தில் கூட்டத்தின் ஆல்ஃபா, அதாவது தலைவன், நாயகியை எல்லோர் முன்னாலும் எழுப்பி 'நீ எங்களுக்கு வேண்டாம்' என்று விரட்டுவான் இல்லையா, தட்டில் போட்ட சாப்பாட்டைக்கூட முடிக்க விடாமல்? அவன் கடைசிப் பாகத்தில் சாகிறான். அதற்குப் பிறகும் அறுபது பக்கம் போகிறது. எங்கள் வாசிப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருமே அது இழுவை என்கிறார்கள். எனக்கோ அங்கேதான் அழுகை வந்தது. செத்துப்போன ஆல்ஃபாவின் ஏழு வயதுப் பையன் சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரம் நிற்கிறான், யாரும் கூப்பிடவில்லை, அவள் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துவந்து தன் பக்கத்தில் வைக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தப்பாகப் படிக்கிறேனா? அந்தப் பையனை வைத்துத் தனித் தொடர் வருகிறதாம். படிக்கலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளவா?

ர.

அன்புள்ள ர.,

தப்பாகப் படிக்கவில்லை. அந்த அறுபது பக்கம்தான் முடிவு. அதற்கு முன்னால் வரும் சண்டை, கதையை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கான வழி, அவ்வளவுதான்.

இந்த வகைக் கதைகளில் நாயகன் யார், நாயகி யார், யாருக்கு யார் 'மேட்' (விதி சேர்த்துவைத்த துணை) என்பதெல்லாம் மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். வாசனை பட்டதுமே உடம்பு சொல்லிவிடுகிறது, அதற்கப்புறம் அவர்கள் சேர்வார்களா என்பது ஒரு கேள்வியே இல்லை. அதனால் இருவரும் சேர்வதை மட்டுமே முடிவாக வைக்கிற தொடர்களில் நமக்கு ஒன்றும் நிறைவதில்லை. கல்யாணம், குழந்தை, 'ஐந்து வருடம் கழித்து' என்று ஒரு எபிலாக் ஒட்டுவார்கள், படித்த மறுநாளே மறந்துபோகும். உண்மையில் தெரியாமல் இருப்பது அந்தக் கூட்டம் என்ன ஆகும் என்பதுதான். யார் எங்கே உட்காருவார்கள், யார் முதலில் சாப்பிடுவார்கள், தோற்றவனின் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள். உங்கள் தொடர் முதல் பாகத்தில் ஒரு தட்டைப் பிடுங்கியது, ஐந்தாம் பாகத்தில் ஒரு தட்டை வைத்தது. நடுவில் இரண்டாயிரம் பக்கம் போயிருந்தாலும் உங்கள் மனசு அந்தக் கணக்கை மறக்கவில்லை, அதனால்தான் அழுகை.

குழுவில் இழுவை என்று சொன்னவர்களுக்கு நான் ஒரு நிஜ ஓநாய்க் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துவிட்டு, சுமார் எழுபது வருடம் கழித்து, 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ட்ரூயிட் பீக் என்று பெயரிடப்பட்ட கூட்டத்தில் ஒரு தாயும் மூன்று மகள்களும் இருந்தார்கள். மகள்களுக்குப் பெயர் கிடையாது, 40, 41, 42 என்று எண்கள்தான். 40 ரொம்பக் கொடூரமானவள். பெற்ற தாயை விரட்டினாள், 41-ஐ விரட்டினாள். 42 மட்டும் அடி வாங்கிக்கொண்டே கூட இருந்தாள். 42 வளை தோண்டிய வருடம் 40 அங்கே போய்த் தாக்கினாள், அந்த வளையிலிருந்து ஒரு குட்டியும் வெளியே வரவில்லை.

2000-ஆம் ஆண்டு மே மாதம் மறுபடியும் 42-க்குக் குட்டிகள். ஒரு நாள் சாயங்காலம் 40 அந்த வளைப் பக்கம் போனாள். இருட்டிய பிறகு நடந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. காலையில் 40 உடம்பெல்லாம் கடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்தாள், பிறகு செத்துப்போனாள். 42-ம் கூட இருந்த பெண் ஓநாய்களும் சேர்ந்து எதிர்த்திருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் முடிவு. வில்லி செத்தாள், சரி. கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு பழிவாங்கல் கதை, அவ்வளவுதான்.

அப்புறம் 42 என்ன செய்தாள் தெரியுமா? தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு 40-இன் வளைக்குத் தூக்கிப் போனாள். அங்கே 40-இன் குட்டிகள் தாயில்லாமல் கிடந்தன. இரண்டு ஈற்றையும் ஒன்றாக வைத்து வளர்த்தாள், இன்னொரு பெண் ஓநாயின் குட்டிகளும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் 21 குட்டிகள், அதில் 20 பிழைத்தன. அடுத்த வருடம் அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள். தன் வளைக்குள் வந்து தன் குட்டிகளைத் தாக்கியவளின் பிள்ளைகளுக்கு 42 பால் கொடுத்தாள். உங்கள் நாயகி தட்டு வைத்ததை யாராவது 'ஓவர் சென்டிமென்ட்' என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

42-இன் துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொடரின் நாயகன் ஏன் மனதில் நிற்கிறான் என்பதற்கும் அதில் விடை இருக்கிறது. அவன் எண் 21. அவன் பிறந்தபோது அப்பா உயிரோடு இல்லை, ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். வேறொரு இளம் ஆண் ஓநாய் வந்து அந்த எட்டுக் குட்டிகளையும் தன் பிள்ளைகளாக வளர்த்தது. 21 பெரியவனான பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்தான், 1997 கடைசியில்தான் ட்ரூயிட் கூட்டத்துக்குப் போனான். அவனை வருடக்கணக்காகத் தினமும் பார்த்த ரிக் மெக்கின்டயர் எழுதியிருக்கிறார்: 21 எந்தச் சண்டையிலும் தோற்றதில்லை, தோற்ற எதிரியைக் கொன்றதும் இல்லை. குட்டிகளோடு விளையாடும்போது வேண்டுமென்றே கீழே விழுந்து தோற்பான். சவலையான ஒரு குட்டியை மற்றதெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தபோது, அதைத் தேடிப் போய் அதனோடு கொஞ்ச நேரம் இருப்பானாம்.

'ஆல்ஃபா' என்றாலே உறுமுகிறவன், கதவை உடைக்கிறவன், 'நீ எனக்குச் சொந்தம்' என்று கையைப் பிடித்து இழுக்கிறவன் என்று நூறு தொடர்கள் எழுதிவிட்டன. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் படிமமே கூண்டுக்குள்ளிருந்து வந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்துவைத்த இடத்தில் பார்த்து எழுதியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு இருந்துவிட்டு, 1999-இல் ஒரு கட்டுரையில் சொன்னார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே தலைவன் என்றால் வேறு யாருமில்லை, அப்பாதான்.

உங்கள் தொடரை எழுதியவருக்கு இது தெரிந்தோ தெரியாமலோ கை சரியாகப் போயிருக்கிறது. நாலாம் பாகத்தில் மேட் பந்தம் அறுந்துபோகிறதே, அதற்கப்புறம் நாயகன் அவளை ஒரு முறைகூடக் கட்டாயப்படுத்தவில்லை. கடைசிப் பாகத்தில் அவள் அவனைத் தேடிப் போகும்போது உடம்பு இழுக்கவில்லை, வாசனை இல்லை, நிலா இல்லை. பகல் நேரம். அவன் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான், அவள் ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். விதி விட்டுவிட்ட பிறகு அவளே தேர்ந்தெடுத்தது அது. உங்கள் கடிதம் வந்ததும் அந்தப் பாகத்தை மறுபடி எடுத்தேன், ஏணி ஆடாமல் இருக்க அவள் ஒரு காலை அடிப்படியில் ஊன்றிக்கொள்கிறாள் என்ற வரியை இந்தத் தடவைதான் கவனித்தேன். அதற்குப் பிறகு வந்த முத்தக் காட்சி இல்லாவிட்டாலும் எனக்குக் குறை தெரிந்திருக்காது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபாவைச் சாகும் தறுவாயில் மன்னிப்புக் கேட்க வைத்திருக்க வேண்டாம். அவன் கேட்காமலே செத்திருந்தால், அந்தப் பையனுக்கு அவள் வைத்த தட்டு இன்னும் கனமாக இருந்திருக்கும்.

42 ஓநாய் 2004 பிப்ரவரியில் வேறொரு கூட்டத்தோடு நடந்த மோதலில் இறந்தாள். 21 அதன் பிறகு நாள் கணக்காக ஊளையிட்டான். அந்தக் கோடையில் ஒரு நாள் கூட்டத்தை விட்டுத் தனியாக மேலே ஏறிப் போனவன் திரும்பவில்லை. அவர்கள் இருவரும் குட்டிகளோடு எத்தனையோ கோடைகளைக் கழித்த மேட்டு நிலத்தில்தான் அவன் உடல் கிடைத்தது.

பையனின் தொடரைக் கண்டிப்பாகப் படியுங்கள். உடனே வேண்டாம், ஒரு மாதம் போகட்டும், அந்தச் சாப்பாட்டுக் கூடம் உங்களுக்குள் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். படிக்க ஆரம்பித்ததும் அவன் அந்த மேசையில் இப்போது எங்கே உட்காருகிறான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.