துப்பாக்கி எதுவரை வந்தது?

கேள்வி: ரத்தம் சிந்தாமல் எந்த மன்னனும் இறங்கியதில்லை. நேபாளத்தில் முடியாட்சியை ஒழித்தது மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிதான், வாக்குச்சீட்டு அல்ல. இதைச் சொல்லாமல் இதழுக்கு இதழ் ஜனநாயகப் பஜனை பாடுகிறீர்களே, ஏன்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பஜனைக்கு வேண்டிய குரல் எனக்குக் கிடையாது. கணக்கு கொஞ்சம் வரும். நீங்கள் சொன்ன நேபாளத்துக் கணக்கையே பார்ப்போம்.

1996 பிப்ரவரி 13 அன்று மாவோயிஸ்டுகள் போரைத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் கிராமப்புறத்தின் பெரும்பகுதி அவர்கள் பிடிக்குள் வந்தது. காத்மாண்டு வரவில்லை. மாவட்டத் தலைநகரங்களை இரவில் தாக்குவார்கள், விடிந்ததும் மலையேறிவிடுவார்கள். ராணுவத்தால் மலையை மீட்க முடியவில்லை. அவர்களால் தலைநகருக்குள் நுழைய முடியவில்லை.

2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கட்சித் தலைவர்கள் வீட்டுக்காவலுக்குப் போனார்கள், தொலைபேசிகள் ஊமையாயின. அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த நாடாளுமன்றக் கட்சிகளையும் மாவோயிஸ்டுகளையும் ஒரே பாயில் உட்காரவைத்த பெருமை மன்னரையே சேரும். அந்த நவம்பரில் டெல்லியில் 12 அம்ச உடன்பாடு. அடுத்த ஏப்ரலில் 19 நாள் மக்கள் எழுச்சி. ஊரடங்கை மீறி, காத்மாண்டின் கலங்கியிலும் கோங்கபுவிலும் சாலையை நிறைத்தவர்கள் ஒன்றும் காந்தியர்கள் அல்ல. கல்லெறிந்தார்கள், டயர் கொளுத்தினார்கள். கலங்கியில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. மறுநாளும் கூட்டம் வந்தது. ஏப்ரல் 24 நள்ளிரவு நெருங்கும் வேளையில் மன்னர் தொலைக்காட்சியில் தோன்றி, கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் கேள்வியில் விடுபட்ட தேதி ஒன்று இருக்கிறது: 2006 ஏப்ரல் 3. எழுச்சி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, காத்மாண்டு பள்ளத்தாக்கில் தாக்குதலை நிறுத்துவதாக மாவோயிஸ்டுகளே அறிவித்தார்கள். அங்கே தங்கள் துப்பாக்கி வெடித்தால் அரசுக்குச் சுட ஒரு சாக்குக் கிடைக்கும் என்பது, பத்தாண்டு சுட்டுப் பழகியவர்களுக்குப் புரிந்திருந்தது. தஞ்சாவூருக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை போலும்.

முடியாட்சி ஒழிந்த நாள் 2008 மே 28. ஒழித்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையின் வாக்கெடுப்பு. ஆதரவு 560, எதிர்ப்பு 4.

உங்கள் பக்க நியாயத்தையும் மறைக்கவில்லை. வன்முறையை அவர்கள்தான் முதலில் கொண்டுவந்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். போர் தொடங்கும் முன்பே, 1995 இறுதியில், மேற்கு மலை மாவட்டமான ரோல்பாவில் போலீஸ் நடத்திய வேட்டை இளைஞர்களைக் காட்டுக்குத் துரத்தியது. போரில் மாண்ட 13,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அரசுப் படைதான். அரசியல் நிர்ணய சபை என்ற கோரிக்கையை ஓயாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மாவோயிஸ்டுகள். பழைய கட்சிகள் மன்னரோடு சமரசம் செய்துகொண்டு காலம் தள்ளத் தயாராகவே இருந்தன. அந்தச் சபையில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் அமர்ந்ததிலும் மாவோயிஸ்டுகளுக்குப் பங்கு உண்டு.

ஆனால் நான் அவர்களை மதிப்பது 1996க்காக அல்ல, 2013க்காக. முதல் தேர்தலில் 220 இடங்களுடன் முதலிடம் பெற்ற கட்சி, இரண்டாவது தேர்தலில் 80 இடங்களுக்குச் சுருங்கி மூன்றாவதாக வந்தது. கட்சித் தலைவர் பிரசண்டாவே காத்மாண்டில் நின்ற தொகுதியில் தோற்றார். மோசடி என்று கத்தினார்கள், எண்ணிக்கையைப் புறக்கணித்தார்கள். பிறகு முணுமுணுத்தபடி சபைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். காட்டுக்குத் திரும்பவில்லை. ரஷ்யாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1917 இறுதியில் அங்கே நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில், ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் போல்ஷெவிக்குகளுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகள்தான் கிடைத்தன. 1918 ஜனவரியில் கூடிய சபை ஒரே அமர்வோடு முடிந்தது. விடியற்காலையில் காவல் பொறுப்பிலிருந்த மாலுமி ஒருவர் வந்து, காவலர்கள் களைத்துவிட்டார்கள், எல்லோரும் கிளம்புங்கள் என்றார். அந்தக் களைப்பு தீர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

‘ரத்தம் சிந்தாமல்’ என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். யாருடைய ரத்தம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. 2005 ஜூனில் சித்வன் மாவட்டம் மாடியில் மாவோயிஸ்டுகள் வைத்த கண்ணிவெடியில் ஒரு பயணிகள் பஸ் சிக்கியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்றது கட்சித் தலைமை. பஸ்ஸில் மன்னர் இல்லை. போர் முடிந்து முகாம்களில் ஐ.நா. குழு சரிபார்த்தபோது, மாவோயிஸ்ட் படையில் சிறார்களாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று 2,973 பேர் கணக்கில் வந்தார்கள். அவர்களைப் ‘தகுதியற்றவர்கள்’ என்ற முத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காணாமல்போனவர்கள் 1,300க்கும் மேல். உண்மையைக் கண்டறிய 2015இல் ஆணையங்கள் அமைத்தார்கள். 60,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. ராணுவம் இழுத்துப்போன மகனைத் தேடும் தாயும், மாவோயிஸ்டுகள் இழுத்துப்போன கணவனைத் தேடும் மனைவியும் ஒரே அலுவலகத்தில்தான் மனுக் கொடுத்தார்கள். பத்தாண்டு கழிந்தும் இருவருக்கும் பதில் வரவில்லை.