மான், வரையாடு, காட்டு ஆடு: மூன்றுக்கும் ஒரே ரைஃபிள்

நியூசிலாந்து தென்தீவில் சிவப்பு மான், இமாலய வரையாடு, காட்டு ஆடு எல்லாவற்றுக்கும் ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் தாழை இழுத்து ஏற்றுவது), அதுவும் இரண்டரை கிலோவுக்குள், .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவில் என்று கேட்டிருக்கிறீர்கள். எடை ஆசை சரி. தோட்டாதான் உதைக்கிறது, நிஜமாகவே உதைக்கும்.

இலகு துப்பாக்கியில் மேக்னம் என்றால் பின்னுதை முழுக்கத் தோளுக்குத்தான். நான் ஒரு வருஷம் அப்படி ஒன்றைச் சுமந்தேன். நாலாவது தோட்டாவிலேயே, விசையில் விரல் பட்டதும் கண் தானாக மூட ஆரம்பித்தது. இருநூறு மீட்டரில் அசையாமல் நின்ற ஆட்டைத் தவறவிட்டுவிட்டு, பழியைத் தொலைநோக்கி மேல் போட்டேன்.

7 மிமீ-08 தோட்டாவைப் பாருங்கள். .308 தோட்டா உறையின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது, உதை குறைவு. 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) குண்டு முந்நூறு மீட்டர் வரை நீங்கள் சொன்ன மூன்றுக்கும் தாராளம். துப்பாக்கிக்கு டிக்கா டி3எக்ஸ் லைட், சுமார் 2.9 கிலோ. அதைவிட இலகுவானவை உண்டு. முதல் ரைஃபிளுக்கு வேண்டாம் என்பேன்.

தொலைநோக்கி, சைலன்சர், வார், தோட்டா சேர்ந்தால் எப்படியும் நாலு கிலோவை நெருங்கும். அதனால் பெரிய லென்ஸ் வேண்டாம், 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மிமீ லென்ஸ்) போதும். புதர்க்காட்டில் சைலன்சரோடு நீளக் குழல் கொடியில் மாட்டும், 20 அங்குலம் எடுங்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகிக் குறி சிதறும். குழல் ஆறிய பிறகு விழும் முதல் குண்டை வைத்தே குறி சரிசெய்யுங்கள்.

அப்புறம், கடைக்கு மலையில் போடும் தடித்த ஜாக்கெட்டோடு போய்த் தோளில் வைத்துப் பாருங்கள். டீ-ஷர்ட்டில் சரியாக இருந்த துப்பாக்கியின் பின்கட்டை, ஜாக்கெட்டில் நீளமாகிவிடும்.